கல்லூரியில் இடம், விடுதியில் கட்டில்



பிளஸ் டூ முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை சூடுபிடிக்கும் பருவம் இது. கட்ஆஃப் எவ்வளவு, எந்தப் பாடம் எடுக்கலாம், எந்தக் கல்லூரி நல்லது என்று வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். கமுதிப் பக்கத்திலோ கொல்லிமலையிலோ பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் மட்டும் அப்பா கேட்கும் முதல் கேள்வி வேறாக இருக்கும். "அங்க ஹாஸ்டல் இருக்கா?" இல்லை என்று பதில் வந்தால், பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் ஏதாவது ஒரு கல்லூரி, அங்கே கிடைக்கிற ஏதாவது ஒரு பாடம். அதுவும் அமையாவிட்டால் தையல் வகுப்பு. பிறகு ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள்.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆசிரியையாகவும், அதன் விடுதியில் துணைக் காப்பாளராகவும் நெடுங்காலம் இருந்தவள். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். நம் பெண்களைப் படிக்க வைத்ததில் வகுப்பறைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு விடுதிக் கட்டிலுக்கும் உண்டு. படிப்புக்கு ஒட்டாத தனி வசதியாக விடுதியை நினைப்பதால்தான் அதன் சோற்றிலும் தண்ணீரிலும் வாசல் நேரத்திலும் நாம் இவ்வளவு அசட்டையாக இருக்கிறோம்.

இதன் தொடக்கத்தைப் பார்க்கச் சென்னைக் கடற்கரைக்குப் போக வேண்டும். விவேகானந்தர் இல்லம் என்று இன்று நாம் பார்க்கும் வட்ட முகப்புக் கட்டடம், ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸ். சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களுக்கான இல்லத்தை அங்கேதான் நடத்தினார். அவரே குழந்தைப் பருவத்தில் மணமாகி, சில காலத்திலேயே கணவனை இழந்தவர். தந்தை துணை நின்றதால் படித்து, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தன்னைப் போன்ற சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு படிக்க வைக்கத் தொடங்கினார்.

அந்தச் சிறுமிகளுக்குப் பாடம் சொல்லித்தர ஒருவர் கிடைத்திருந்தால் மட்டும் போதுமா? தலையை மழித்து, எதிரே வந்தாலே அபசகுனம் என்று மூலையில் உட்கார வைத்திருந்த வீட்டில் இருந்துகொண்டே அவர்கள் எப்படிப் புத்தகத்தைத் திறந்திருக்க முடியும்? முதலில் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தாக வேண்டும். தூங்க ஓர் இடம், வேளைக்குச் சாப்பாடு, "நீ படி" என்று சொல்ல ஒரு மனுஷி, இவ்வளவும் ஒரே கூரையின் கீழ் கிடைத்த பிறகுதான் எழுத்து உள்ளே இறங்கியது. அவர் தொடங்கி இரண்டு ஆண்டு கழித்து, 1914இல், அதே கடற்கரையில் சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி தொடங்கியது. பின்னாளில் அதற்கு ராணி மேரிக் கல்லூரி என்று பெயர்.

சுப்புலட்சுமியின் ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமணக் குடும்பத்துப் பெண்களுக்கானது. அந்தக் காலத்து விடுதிகள் பெரும்பாலும் அப்படித்தான், சாதிக்கு ஒன்றாக இருந்தன. எந்த விடுதியிலும் இடம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். தேவதாசிக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளை விடுதிகள் சேர்க்க மறுத்தபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். 1930இல் அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. மாகாணச் சட்டசபையில் துணைத்தலைவராக இருந்தவர், தாசி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தவர். அந்த முறையை விட்டு வெளியே வரும் பெண் இரவில் எங்கே தூங்குவாள் என்ற கேள்வி தன் வாசலுக்கே வந்தபோது, அதற்கும் அவரே பதில் தேடினார். இந்த ஒன்றுக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

சாப்பாட்டுப் பந்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். எல்லாச் சமூகத்தாரும் பணம் கொடுத்து வளர்த்த இடத்தில் இப்படி ஒரு பந்தியா என்று 1924, 25ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடே கொதித்தது. பெரியார் காங்கிரஸை விட்டு விலகியதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. தமிழக அரசியலின் போக்கைத் திருப்பியதில் மாணவர் உண்ணும் கூடம் ஒன்றுக்கும் பங்கு உண்டு.

அதை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய மெஸ்ஸுக்குள் வந்து பாருங்கள். காலை ஏழரை மணி. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் தட்டும் மறு கையில் ரெக்கார்டு நோட்டுமாக வரிசை நிற்கிறது. பொங்கல் நாள் என்றால் வரிசை நீளும், உப்புமா என்றால் கால்வாசிப் பேர் வரமாட்டார்கள். முதுகுளத்தூர்க்காரியும் கோத்தகிரிக்காரியும் ஒரே பெஞ்சில். ஒருத்தி வீட்டிலிருந்து வந்த கருவாட்டுப் பொடி நான்கு தட்டுகளுக்குப் பிரிகிறது. யார் என்ன சாதி என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பும் வாரத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். அதன் பிறகும் ஒரே தட்டில் கை வைக்கிறார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எல்லா விடுதியிலும் எல்லா அறையிலும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஒதுக்கலும் உண்டு, குத்தலும் உண்டு. ஆனால் சொந்த ஊரில் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே திண்ணையில் உட்கார முடியாது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

எங்கள் விடுதியில் டிவைடிங் முறைதான். மாதம் முழுக்க ஆன மளிகை, காய்கறி, பால், கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்ட நாட்களின் கணக்குப்படி மாணவிகளுக்குள் வகுத்துவிடுவார்கள். தொடர்ந்து சில நாள் ஊருக்குப் போனால் எழுதிக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை மாணவிகளின் மெஸ் கமிட்டி பார்க்கும். வெங்காய விலை ஏறிய வாரத்தில் கமிட்டி கூடினால், பட்ஜெட் கூட்டத்தொடருக்குக் குறையாத விவாதம் நடக்கும். ஒருமுறை மளிகைக் கடையில் வற்றல் மிளகாய் மூட்டையைப் பிரித்தார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, அதிகம் பேசாதவள், கமிட்டியில் பெயருக்கு இருந்தவள், ஒரு மிளகாயை எடுத்து உடைத்து முகர்ந்து பார்த்தாள். விதையை உள்ளங்கையில் தட்டினாள். "இது போன வருசத்துச் சரக்குண்ணே, கிட்டங்கில கெடந்தது. காரமும் இருக்காது, நெறமும் இருக்காது" என்றாள். கடைக்காரர் மறு பேச்சு பேசாமல் வேறு மூட்டையை இறக்கினார். அவள் அப்பா மிளகாய் விவசாயி. ஆங்கில வகுப்பில் எழுந்து நிற்கவே கூசிய பிள்ளை, அந்த வாரத்திலிருந்து கமிட்டியின் வாய் ஆனாள். அடுத்த ஆண்டு அவள்தான் மெஸ் செயலாளர்.

இந்தப் பக்கம் இவ்வளவு நிறைவு என்றால், அந்தப் பக்கம் அரசு விடுதிகளின் கணக்கு மனத்தை உறுத்துகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகள் நடத்தும் விடுதிகள் இல்லையென்றால், தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பலர் கல்லூரி வாசலையே மிதித்திருக்க முடியாது. அந்த விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. வரவேற்க வேண்டிய உயர்வுதான். ஆனால் நாளுக்கு வகுத்துப் பாருங்கள், ஐம்பது ரூபாய் வருகிறது. மூன்று வேளைக்கும் ஐம்பது ரூபாய். கையேந்தி பவனில்கூட அந்தப் பணத்துக்கு ஒரு வேளை வயிறு நிரம்புவது கடினம். 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டினார்கள். பெயர்ப் பலகையில் சாதி போனது எனக்கு மகிழ்ச்சி. ஒவ்வோர் ஆண்டும் விலைவாசியோடு சேர்ந்து படியும் தானாக உயரும் ஏற்பாடு வந்தால் அந்த மகிழ்ச்சி நிறைவாகும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அதில் ஒரு பகுதி மெஸ் பில்லுக்குப் போவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஊரிலிருந்து மணியார்டர் வரக் காத்திருந்த பழைய மாணவிகளின் முகம் எனக்கு நினைவிருப்பதால், இந்தப் பணத்தின் அருமை தெரியும்.

அடுத்து, வாசல். பெண்கள் விடுதி வாசலில் மேசை மேல் ஒரு நீளப் பதிவேடு, நூலில் கட்டிய ஒரு பேனா. பெயர், அறை எண், போகும் இடம், காரணம், போன நேரம், வந்த நேரம், கையெழுத்து. காரணம் என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கி நிற்கும் மாணவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நாப்கின் வாங்கப் போகிறவள், எதிரே வாட்ச்மேன் அண்ணன் உட்கார்ந்திருக்க அதில் என்ன எழுதுவாள்? 'ஜெராக்ஸ்' என்று எழுதுவாள். சும்மா நாலு அடி நடந்து காற்று வாங்கிவிட்டு வர விரும்புகிறவளும் 'ஜெராக்ஸ்' என்றே எழுதுவாள். பதினெட்டு வயதில் வாக்குரிமை கொடுத்து, முதலமைச்சரைத் தேர்ந்தெடு என்று நாம் நம்பி அனுப்பும் பெண்ணை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் நடக்க நம்பமாட்டோம் என்கிறோம்.

அதே வளாகத்தில் ஆண்கள் விடுதியும் இருந்தால், அங்கே வாசல் ஒன்பது, பத்து மணி வரை திறந்திருக்கும். நூலகம் எட்டு மணி வரை என்றால் அந்தக் கடைசி இரண்டு மணி நேரம் ஆண்களுக்கு மட்டுமானதாகிவிடுகிறது. ஆய்வகம், விளையாட்டுத் திடல், நாடக ஒத்திகை எல்லாவற்றிலும் இந்த இழப்பு உண்டு. மதிப்பெண் பட்டியலில் இது தெரியாது. வேலைக்கான நேர்காணலில் தெரியும்.

பெற்றோரின் பயத்தை நான் லேசாகச் சொல்லவில்லை. நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள். பயத்துக்குக் காரணம் இருண்ட சாலையும் நிற்காமல் போகும் கடைசிப் பஸ்ஸும் என்றால், விளக்குப் போடுவதும் பஸ்ஸை நிறுத்த வைப்பதும்தானே பரிகாரம்? பூட்டு மட்டும் எப்படிப் பரிகாரமாகும்? டெல்லி மாணவிகள் 2015இல் 'பிஞ்ச்ரா தோட்', அதாவது கூண்டை உடை என்று கிளம்பியபோது இதைத்தான் கேட்டார்கள். கேரளத்தில் ஒரு விடுதி சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை மாணவிகள் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்றது. மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டாள். அவள் வழக்குப் போட்டாள். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. விடுதி விதி எழுதும் ஒவ்வொரு காப்பாளரும் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்தால் நல்லது.

பிள்ளையை விடப் போகும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். முகப்பில் இருக்கும் தோட்டத்தையும் ஏசி ஹாலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மாடிக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். எத்தனை பேருக்கு ஒரு குளியலறை என்று கேளுங்கள். ராத்திரி காய்ச்சல் வந்தால் யார், எந்த வண்டியில், எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள் என்று கேளுங்கள்; பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே பதில். பிள்ளை முதல் இரண்டு வாரம் போனில் அழுவாள். அது இயல்பு. மூன்றாவது வாரம் அழுகை நின்று, பேச்சும் நின்று, "ஒண்ணுமில்லம்மா" என்று மட்டும் சொன்னால் கிளம்பிப் போய் நேரில் பாருங்கள்.

ராகிங் ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு விடுதியில் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது, 1997இல். 2009இல் யுஜிசி நாடு முழுவதற்கும் விதிமுறை வகுத்தது. அதன்படி மாணவரும் பெற்றோராகிய நீங்களும் உறுதிமொழி எழுதிக் கொடுக்கிறீர்கள். அந்தத் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாமல், பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படியுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் இலவசத் தொலைபேசி எண் ஒன்றும் இருக்கிறது. பிள்ளையின் கைபேசியில் பதிந்து கொடுங்கள். ஒரு சீட்டிலும் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள், கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். 1800, 180, 5522. மறுபடியும், 1800, 180, 5522.