பூட்டிய வீட்டை விற்குமுன்



தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தையும் சேமநிதியையும் கொண்டு, நம்மவர் பலர் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் சிறு வீடுகள் வாங்கினர். லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். இதுவோ நமக்கே சொந்தம். பெற்றோர் காலமாகி, பிள்ளைகள் வெளியூர் சென்றபின் அவற்றுள் சில பூட்டிக் கிடக்கின்றன. அத்தகைய வீட்டை விற்குமுன் செய்ய வேண்டியவற்றை இன்று பார்ப்போம்.

பலரும் முதலில் சாயம் வாங்க ஓடுகின்றனர். முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பட்டாவை. அதில் காலமான தந்தையின் பெயர் இருந்தால், வீட்டை அப்படியே விற்க முடியாது. உயில் இல்லையென்றால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி மனுச் செய்து, வாரிசுகளின் பெயருக்கு மாற்ற வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்குரிய 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தில் மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. ஆகவே, மணமாகிப் போன தங்கையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது வரி. நில வரி பாக்கி நின்றால், நில அலுவலகம் 6ஏ பாரம் அனுப்பலாம். அது கிடைத்த மூன்று மாதத்துக்குள் கட்டத் தவறினால் நிலமே பறிபோகக்கூடும். ஆளில்லாத வீட்டில் அக்கடிதத்தைப் பிரிப்பவர் யார்? எனவே, உங்கள் இன்றைய முகவரியை நில அலுவலகத்தில் பதிந்து வையுங்கள். நகராண்மைக் கழக மதிப்பீட்டு வரி, தண்ணீர், மின்சாரக் கட்டணங்களையும் தீர்த்து, ரசீதுகளை ஒரே உறையில் வையுங்கள்.

பிறகு வீட்டுக்கு வருவோம். கூரை ஒழுகலை அடைத்து, கதவு நிலைகளைத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலாக ஒலித்தால் கரையான் இருக்கலாம். அதன்மேல் சாயம் பூசி மறைப்பது நேர்மையன்று. வாங்குபவரும் நம்மைப்போல் வியர்வை சிந்திச் சேர்த்தவரே. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அபராதமும் உண்டு. ஆகவே தொட்டி, வாளி, பூச்சட்டிகளைக் கவிழ்த்து, கழிவறையில் வாரந்தோறும் நீர் ஊற்றச் சொல்லுங்கள். சாயம் கடைசி வேலையாக இருக்கட்டும்.

தரகர் கேட்டாரென்று மூலப் பட்டாவைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும். அவர் பதிவு பெற்றவர்தாமா என்றும் விசாரியுங்கள். விளங்காத மலாய்ப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், படித்த பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ காட்டுங்கள். பெற்றோர் பால்வெட்டிச் சேர்த்த சொத்து, உரிய விலைக்குப் போய், உரியவர் அனைவரிடமும் சேரட்டும்.