வலைத்தளம் ஏற்றலும் காத்தலும்



நூலை எழுதுவது ஒரு பணி. அதனைக் காப்பது மற்றொரு பணி. ஏட்டுச்சுவடிக் காலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு கைகளில் இருந்தன. புலவர் பாடினார்; ஏடெழுதுவோர் படியெடுத்தனர்; மடங்களும் புலவர் குடும்பங்களும் காத்தன. இன்றோ எழுத்தாளர் ஒருவர் தம் படைப்புகளைத் தாமே ஒரு வலைத்தளமாக அமைத்து இணையத்தில் ஏற்றிவிடுகிறார். உலகெங்கும் படிப்பார்கள் என்ற மகிழ்ச்சியில், காக்கும் பணியும் அத்துடன் முடிந்தது என்று எண்ணிவிடுவோர் பலர். அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண், ஏற்றுதல் என்பது யாது? வலைத்தளம் வானில் மிதப்பதன்று. அது கோப்புகளின் தொகுதி. எழுத்தாளரின் மேசைமேல் உள்ள கணினியில் அக்கோப்புகள் உருவாகின்றன. ஆனால் அக்கணினி இரவில் அணைக்கப்படும். மின்சாரம் நின்றால் தானும் நிற்கும். படிப்போரோ எந்நேரமும் வருவர். ஆதலின், எப்போதும் விழித்திருக்கும் வேறொரு கணினியில் அக்கோப்புகளின் படியை வைக்க வேண்டியுள்ளது. அதனையே சர்வர் என்றும், தமிழில் வழங்கி என்றும் கூறுவர்.

1989இல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் வலை என்னும் கருத்தை முன்வைத்தவர் டிம் பெர்னர்ஸ் லீ. அடுத்த ஆண்டின் இறுதியில் அதனைத் தம் கணினியில் செயற்படுத்திக் காட்டினார். அக்கணினியே உலகின் முதல் வலை வழங்கி. இது வழங்கி, இதனை அணைத்துவிடாதீர்கள் என்னும் பொருள்படச் சிவப்பு மையால் எழுதிய சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. வழங்கியின் இலக்கணம் முழுவதும் அந்தச் சீட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அணையாதிருக்கும் வரையே அது வழங்கி. யாரேனும் அணைத்துவிட்டால் அதிலுள்ள எழுத்தும் இல்லை.

இத்தகைய கணினிகளைப் பேணி, அவற்றில் இடத்தை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் உள்ளன. தளம் வைக்க விரும்புவோர் முதலில் ஒரு தளப்பெயரைப் பதிவு செய்கின்றனர். பின்னர் இடமளிக்கும் நிறுவனத்திடம் ஒரு கணக்குத் தொடங்கிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெறுகின்றனர். பெயர் கதவிலக்கம் போன்றது; இடம் வீடு போன்றது. இரண்டும் வெவ்வேறு. இரண்டுக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு. ஒன்றைப் புதுப்பித்து மற்றொன்றை மறந்தாலும் தளம் கிடைக்காமற் போகும்.

கோப்புகளை அனுப்புவதற்கு நெடுங்காலம் பயன்பட்டது எஃப்.டி.பி. என்னும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை. இதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண் என்னும் இந்தியர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றியவர். வலை தோன்றுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே அதற்குரிய பாதையை இந்தியர் ஒருவர் வகுத்திருந்தார் என்பது எண்ணத்தக்கது. அம்முறையில் கடவுச்சொல் மறைப்பின்றிச் சென்றமையால், மறைகுறியாக்கம் செய்து அனுப்பும் முறைகள் அதன் இடத்தைப் பிடித்தன. பெயர்பெற்ற உலாவிகள் 2021இல் அதனைக் கைவிட்டன.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது பழமொழி. வலைத்தளம் ஏற்றுவோருக்கும் இது பொருந்தும். கவிஞர் ஒருவர் தம் கவிதைகளைத் தளமாக்கி ஏற்றுகிறார் எனக் கொள்ளலாம். அவர் கணினியில் எல்லாப் படங்களும் தெரிகின்றன. வெளியூர் நண்பருக்கோ ஒரு படமும் தெரியவில்லை. காரணம், படத்தின் முகவரியாக அவர் எழுதியிருப்பது தம் வீட்டுக் கணினியின் வட்டினை. தம் வீட்டுப் பெட்டியில் இருப்பதைத் தாம் காண்பார். ஊரார் எங்ஙனம் காண்பர்? இன்னொரு பிழையும் நேரும். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வீட்டுக் கணினி பெரும்பாலும் ஒன்றாகவே கொள்ளும். வழங்கிகள் பல யூனிக்ஸ் வழி வந்தவை. அவை இரண்டையும் வேறுபடுத்தும். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து மாறினும் பக்கம் இல்லை என்று விடை வரும். பழைய எஃப்.டி.பி. முறையில், படக்கோப்பை உரைக்கோப்பு போல அனுப்பினால் படமே சிதைந்துவிடும். எனவே ஏற்றியவர், வேறொரு கணினியில் தம் தளத்தைத் திறந்து பார்த்த பின்னரே ஏற்றல் நிறைவுற்றதாகக் கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதுவோருக்கு மேலும் ஓர் இடர் இருந்தது. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறிமுறையைக் கொண்டிருந்தது. தளத்தை ஏற்றியவர் பயன்படுத்திய எழுத்துரு படிப்பவரிடம் இல்லையாயின், தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே தோன்றும். அந்நாளில் தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தவர்களுள் சிங்கப்பூர் எழுத்தாளரும் தமிழ் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி குறிப்பிடத்தக்கவர், கணியன் என்னும் முறையை உருவாக்கிய அவர் 1999இல் மறைந்தார். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கினர். அத்திட்டம் இன்றும் பயன்படுகிறதெனின், தட்டச்சு செய்து ஏற்றியது மட்டும் காரணமன்று. குறிமுறை மாறியபோது நூல்களையும் மாற்றி, ஒருங்குறியில் மீண்டும் ஏற்றினர். ஏடு நைந்தபோது புதிய ஏட்டில் படியெடுத்த பழைய பணியே இது.

இனி, இவ்வுரையின் மையத்திற்கு வரலாம். பிறர் தந்த இடத்தில் வைத்த எழுத்துக்கு என்ன நேரும்? இதற்கு ஜியோசிட்டீஸ் வரலாறு விடை கூறும்.

1994இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் ஆகிய இருவர் இதனைத் தொடங்கினர். தனிமனிதர் தளம் வைத்துக்கொள்ள இலவசமாக இடம் தந்தனர். அதனை ஒரு நகரம் போல அமைத்தனர். ஹாலிவுட் என்னும் பகுதியில் திரைப்படம் பற்றிய பக்கங்கள். ஏதென்ஸ் என்னும் பகுதியில் கல்வி, எழுத்து, தத்துவம் பற்றிய பக்கங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தெருவும் வீட்டிலக்கமும் உண்டு. கணினி பயிலாத இல்லத்தரசியரும் மாணவரும் முதியோரும் அங்குக் குடியேறினர். குடும்பப் படங்கள், மறைந்த மகனுக்கு நினைவுப் பக்கம், கைப்பட எழுதிய கவிதை என அவர்கள் ஏற்றியவை கோடிக்கணக்கான பக்கங்களாகப் பெருகின.

1999இல் யாகூ நிறுவனம் இந்நகரத்தை விலைக்கு வாங்கியது. அவ்வாண்டிலேயே புதிய விதிமுறை ஒன்று வந்தது. ஏற்றிய படைப்புகள்மீது நிறுவனத்திற்கு மிக விரிந்த உரிமை உண்டு என்று அது படித்தோர்க்குத் தோன்றியது. குடியிருந்தோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிறுவனம் விதியைத் திருத்தியது. அப்போதுதான் பலரும் ஓர் உண்மையை உணர்ந்தனர். தாம் கட்டிய வீடு தம்முடையது. அது நிற்கும் நிலம் தம்முடையதன்று.

காலப்போக்கில் மக்கள் வேறிடங்களை நாடினர். 2009 ஏப்ரலில் மூடும் அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் நாள் அந்நகரம் மூடப்பட்டது. அறிவிப்பைக் கண்டோர் தம் பக்கங்களை எடுத்துக்கொண்டனர். காணாதோர், கடவுச்சொல்லை மறந்தோர், இறந்துபோனோர் ஆகியோரின் பக்கங்களுக்கு எவர் பொறுப்பு? இணைய ஆவணக் காப்பகமும், ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழுவும் இறுதி மாதங்களில் இரவு பகலாகப் படியெடுத்தன. அக்குழு தான் காத்ததை 2010இல் உலகுக்குப் பொதுவாக வெளியிட்டது. அதன் அளவு ஏறத்தாழ 640 கிகாபைட். கிடைக்காமற் போனவையும் உண்டு. அவற்றை இனி எவரும் எழுதித்தர இயலாது.

தமிழன்பர்களே, இவ்வரலாற்றில் குற்றவாளி என்று ஒருவரைச் சுட்டுவது எளிதன்று. இலவசமாக இடம் தந்தவர் என்றும் தருவார் என்று எங்கும் எழுதப்படவில்லை. பிழை, ஏற்றலைக் காத்தல் என்று எண்ணியதில் உள்ளது. வழங்கியில் இருப்பது படிப்போருக்கான படி. மூலப்படி எழுத்தாளரிடம் இருத்தல் வேண்டும். மூலத்தை அழித்துவிட்டு வழங்கியை நம்புவோர், விதைநெல்லையும் சேர்த்து விற்ற உழவர் ஆவர்.

செய்ய வேண்டியவை சிலவே. தளத்தின் முழுப்படியை வீட்டுக் கணினியிலும், தனி வட்டு ஒன்றிலும், வேறூரில் வாழும் நம்பகமான ஒருவரிடமும் வைத்தல் வேண்டும். இதற்கு இடம் மிகுதியாக வேண்டுவதில்லை; ஒருங்குறியில் அமைந்த ஒரு கவிதைத் தொகுப்பு, ஒற்றைப் புகைப்படத்தைவிடச் சிறிது. தளப்பெயரை எழுத்தாளர் தம் பெயரிலேயே பதிவு செய்தல் வேண்டும். பெயர் கையில் இருப்பின், வீடு மாறினும் வாசகர் வழிதவறார். உரைகளைப் படமாக அன்றி, எழுத்தாகவே ஏற்றுதல் நன்று. கடவுச்சொற்களையும் புதுப்பிக்க வேண்டிய நாள்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வீட்டார் ஒருவருக்கேனும் தெரிவித்தல் வேண்டும். எழுத்தாளர் மறைந்த அடுத்த ஆண்டே கட்டணம் செலுத்த ஆளின்றி அவர் தளமும் மறைவது பெருந்துயரம்.

உ.வே. சாமிநாதையர் ஊரூராகச் சென்று சுவடி தேடியபோது, கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகள் நெருப்பிலிடப்பட்ட செய்தியைக் கேட்டு நெஞ்சம் நொந்தார். எனினும் 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அவர் பதிப்பிக்க முடிந்தது. ஓரிடத்தில் அழிந்த நூலுக்கு வேறோர் இடத்தில் ஒரு படி இருந்தது என்பதே அதற்குக் காரணம். ஓலையில் எழுதியவர் பெயர் பலவும் இன்று தெரியவில்லை. படியெடுத்தவர் பெயரும் தெரியவில்லை. நூல் நிற்கிறது.

பத்தாண்டுகள் தொடர்ந்து கூடிய இவ்விலக்கிய வட்டத்தின் கவியரங்கப் பாடல்களும் ஆய்வுரைகளும் வலையில் ஏறட்டும். ஏற்றிய அன்று மாலையே, அவற்றின் இன்னொரு படி ஓர் உறுப்பினர் வீட்டு அலமாரியில் அமரட்டும்.