மிச்சமான வான்கோழி

1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது சென்னை ராயபுரத்திலிருந்துதான். ரயில்வே வேலையை நம்பி அந்தப் பக்கம் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் ரோஸ்ட். வாத்து, கோழி, வசதி இருந்தால் வான்கோழி.

மறுநாள் மிஞ்சிய கறிக்கு அவர்கள் சமையலில் ஓர் அருமையான வழி உண்டு. அதன் பெயர் ஜால்ஃப்ரேஸி. 'ஜால்' என்றால் வங்க மொழியில் காரம். வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாயை நன்றாக வதக்கி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டு, பிய்த்து வைத்த கறியைக் கடைசியில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே வெந்த கறி அல்லவா? ஆவி பறக்கச் சூடேறியதும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் வான்கோழி நார்நாராகிவிடும்.

எலும்பைத் தூக்கி எறிய எனக்கு மனமே வராது. தண்ணீரில் நிதானமாகக் கொதிக்கவிட்டு, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் மிளகுத்தண்ணி. ஆங்கிலேயர் 'மல்லிகடானி' என்று சொல்லிக் குடித்த சூப்பின் பெயர் இதிலிருந்து வந்ததுதான்.

ஒன்று மட்டும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் கறியை வெளியே விட்டுவைக்காதீர்கள். சமைத்து இறக்கிய 2 மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 3 நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.