காசில்லாததெல்லாம் கட்டற்றதா?
(மாரமங்கலம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்து வேலை முடிந்து, காலில் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சங்கத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த கேள்வி ஒன்று நம் கையில் இருக்கிறது. "பிராக்டல் படம் வரையும் கம்ப்யூட்டர் புரோகிராம் காசில்லாமல் கிடைக்கிறது. அப்படியானால் அது கட்டற்ற மென்பொருள்தானே?" என்று கேட்கிறார்கள். கூலியைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் இது எதற்கு என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. உங்கள் பிள்ளைகள் கைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதற்குள் யாருடைய அதிகாரம் நடக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பிராக்டல் என்றால் பயந்துவிட வேண்டாம். நம் மலையில் ஓடையோரம் முளைக்கும் பெரணியை எடுத்துப் பாருங்கள். முழு இலை எப்படியோ அப்படியே அதன் கிளை; கிளை எப்படியோ அப்படியே அதன் நுனி. முழுமையின் வடிவமே பகுதியிலும் திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கு 1975-ல் மாண்டல்பிராட் என்ற கணித அறிஞர் வைத்த பெயர்தான் பிராக்டல். நம் தாய்மார்கள் போடும் கோலத்திலும் இந்தச் சங்கதி உண்டு. 1970-களில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி முதலானோர் கோலத்துக்கு இலக்கணம் எழுதிக் கம்ப்யூட்டரில் ஆராய்ந்தார்கள். கோலத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. அடுத்த வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் போடலாம், ஒரு வரிசைப் புள்ளி கூட்டலாம், கேட்பாரில்லை.

புரோகிராம் அப்படியல்ல. பிராக்டிண்ட் என்று ஒன்று உண்டு. 1988-ல் தொடங்கி, தொண்டர்கள் பலர் கூடி, சம்பளம் வாங்காமல் வளர்த்தது. காசு கேட்பதில்லை. மூல நிரலையும் கொடுத்தார்கள். ஆனால் அதன் நிபந்தனையில் ஒரு வரி இருக்கிறது: திருத்தாத வடிவில் தாராளமாக நகல் எடுக்கலாம், விற்கக் கூடாது. இன்னொரு புரோகிராம் செக் நாட்டு யான் ஹுபிச்காவும் தாமஸ் மார்ஷும் 1990-களில் எழுதியது. எக்ஸ், ஏ, ஓ, எஸ் என்று எழுதிக் கேயாஸ் என்று படிக்கிறார்கள். அந்த விநோதம் இருக்கட்டும். அதுவும் காசில்லாமல்தான் கிடைக்கிறது. ஆனால் அது ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தில் வருகிறது. டெபியன் என்ற தொண்டர் அமைப்பு கேயாஸைப் பொது அறையில் வைத்தது. பிராக்டிண்டை 'கட்டற்றதல்ல' என்று எழுதிய தனி அறையில் வைத்தது. இரண்டுக்கும் விலை ஒன்றுதான், பூஜ்யம். பின் ஏன் இந்த வித்தியாசம்?

எஸ்டேட் லைன் வீட்டுக்கு வாடகை உண்டா? இல்லை. அதனால் அது உங்கள் வீடாகிவிடுமா? ஒரு ஜன்னல் வைக்க முடியுமா? வேலை போனால் வீடும் போகும். பட்டா உள்ள குடிசை ஒழுகினாலும் உங்களுடையது. வாடகை இல்லை என்பது ஒரு விஷயம்; உரிமை உண்டு என்பது வேறு விஷயம். இங்கிலீஷ்காரனுக்கு இரண்டுக்கும் 'பிரீ' என்று ஒரே சொல்தான். அதனால்தான் இந்த இயக்கத்தை 1983-ல் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வாழ்நாளெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. தமிழனுக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு.

கட்டற்றது என்று சொல்ல நான்கு உரிமை வேண்டும். எந்தக் காரியத்துக்கும் ஓட்டலாம். உள்ளே பார்த்துத் திருத்தலாம். நகலெடுத்துக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். திருத்தியதையும் அப்படியே பரப்பலாம். உள்ளே பார்ப்பது என்றால் என்ன என்று இளம்பிள்ளை நெசவாளர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜக்கார்டு அட்டை கையில் இருந்தால் சேலை நெய்யலாம். பூவை மாற்ற வேண்டுமென்றால் அட்டை குத்தியவர் வைத்திருக்கும் கிராப் தாள் வேண்டும். அந்தத் தாள்தான் மூல நிரல்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை வரும். "வியாபாரி விற்று லாபம் அடிக்கக் கூடாது என்று தடுப்பது நல்லதுதானே, தோழர்?" கேட்பதற்கு நம் பேச்சு மாதிரியே இருக்கிறது! பிராக்டிண்ட் தொண்டர்களின் நோக்கத்தையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தடை யாரைத் தடுக்கிறது? சேலத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் டிசைன் போடும் கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, நெசவாளருக்கு விற்க முடியாது. தனி அனுமதி கேட்டு நிற்க வேண்டும். பாரதி பாடல்களை எண்ணிப் பாருங்கள். 1949-ல் சென்னை சர்க்கார் அந்த உரிமையை வாங்கியது; பிறகு அது மக்களுக்குப் பொதுவாயிற்று. யாரும் அச்சிடலாம், விற்கலாம் என்றான பிறகுதானே மலிவுப் பதிப்புகள் கூலிக்காரன் கைக்கும் எட்டின?

ஜி.பி.எல். வியாபாரியை வேறு விதமாகக் கட்டுகிறது. நீ விற்றுக்கொள், ஆனால் வாங்கியவருக்கு மூல நிரலையும் கொடு, உனக்குக் கிடைத்த அதே உரிமையையும் கொடு என்கிறது. 'விற்காதே' என்பதல்ல அங்கே சட்டம். 'வேலி போடாதே' என்பது. ஊர் ஏரியில் மீன் பிடித்துச் சந்தையில் விற்பவனோடு நமக்குச் சண்டையில்லை. ஏரியைச் சுற்றிக் கம்பி கட்டுகிறவனோடுதான் சண்டை.

2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது 'விலையில்லா மடிக்கணினி' என்றே பெயர் வைத்தது. எழுதியவர் அறிந்து எழுதினாரோ அறியாமல் எழுதினாரோ, சொல் சரியான சொல். அந்தப் பெட்டிக்குள் இரண்டு அமைப்புகள் இருந்தன. ஒன்று விண்டோஸ், அதன் உள்ளே பார்க்கவோ, நகலெடுத்துத் தோழனுக்குக் கொடுக்கவோ அனுமதி கிடையாது. மற்றொன்று சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பிள்ளைக்கு இரண்டும் விலையில்லாமலேதான் வந்தன. பணம் ஜனங்களின் வரிப்பணம். அதில் ஒன்று லைன் வீடு, ஒன்று பட்டா வீடு.

ஆகவே கேள்வி எழுதிய பிள்ளைகளுக்கு நம் பதில் இது. பிராக்டிண்ட் இலவசம், கட்டற்றதல்ல. கேயாஸ் கட்டற்றது. வேறு எதைக் கொண்டுவந்தாலும் முதலில் விலையைப் பார்க்காதீர்கள். அதோடு வரும் லைசென்ஸ் தாளைத் திறந்து, 'திருத்தலாமா, திருத்தியதை விற்கலாமா' என்று தேடுங்கள். இங்கிலீஷ் புரியாவிட்டால் சனிக்கிழமை சங்கத்துக்கு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து படிப்போம். அடுத்த சீட்டில் ரேஷன் கடை எடைக்கல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு வருவோம்.