‘செயற்கை’ என்ற சொல்லுக்கு என்ன விலை?



காருக்கு எண்ணெய் மாற்றப் பட்டறைக்குப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, “சாதாரண எண்ணெயா, செமி சிந்தெடிக்கா, ஃபுல்லி சிந்தெடிக்கா?” என்பதுதான். பேச்சு வழக்கில் ‘மின்யாக் ஹித்தாம்’ என்று சொல்லப்படும் இஞ்சின் எண்ணெயில், ‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்று அச்சிட்ட போத்தலுக்கு விலை கூடுதல். காரணம் கேட்டால், “இது பூமியிலிருந்து எடுத்தது இல்லை, ஆலையில் செயற்கையாகச் செய்தது” என்ற பதில் வரும். அந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை?

ஒரு போத்தல் இஞ்சின் எண்ணெயில் பெரும் பகுதி அடிப்படை எண்ணெய். தேய்மானத்தைத் தடுக்கவும், அழுக்கைக் கரைக்கவும் சேர்க்கப்படும் இரசாயனங்கள் மீதி. அந்த அடிப்படை எண்ணெயை அமெரிக்க பெட்ரோலியக் கழகமான ஏபிஐ ஐந்து பிரிவுகளாகப் பிரித்துள்ளது. முதல் மூன்று பிரிவுகள் பெரும்பாலும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறப்படுபவை. நான்காவது, பாலி ஆல்ஃபா ஒலிஃபின் எனப்படும் பிஏஓ. இவற்றில் அடங்காத எஸ்டர் போன்றவை ஐந்தாவது.

பிஏஓ எண்ணெய், எத்திலின் என்னும் வாயுவிலிருந்து தொடங்குகிறது. சிறிய மூலக்கூறுகளைப் பூக்களைப் போல ஒன்றோடு ஒன்று கோத்து, வேண்டிய நீளத்துக்குக் கட்டுகிறார்கள். ‘சிந்தெடிக்’ என்ற சொல் பல காலம் இப்படிக் கட்டப்பட்ட எண்ணெயையே குறித்தது.

மூன்றாம் பிரிவின் கதை வேறு. கச்சா எண்ணெயின் மெழுகு கலந்த கனமான பகுதியை எடுத்து, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனோடு வினைபுரிய வைக்கிறார்கள். கந்தகம் நீங்குகிறது, வளைய வடிவ மூலக்கூறுகள் உடைகின்றன, மெழுகின் மூலக்கூறு அமைப்பே மாறுகிறது. இதற்குச் செலவு பிஏஓவைவிடக் குறைவு.

சிக்கல் இங்கேதான் பிறந்தது. அமெரிக்காவில் காஸ்ட்ரோல் நிறுவனம் 1997ஆம் ஆண்டின் இறுதியில் தன் ‘சின்டெக்’ எண்ணெயில் பிஏஓவுக்குப் பதிலாக இந்த வகை எண்ணெயைப் பயன்படுத்தத் தொடங்கியது. ‘சிந்தெடிக்’ என்ற சொல்லை மட்டும் மாற்றவில்லை. போட்டியாளரான மோபில், விளம்பரங்களை ஆராயும் தேசிய விளம்பரப் பிரிவிடம் முறையிட்டது. 1999இல் முடிவு காஸ்ட்ரோலுக்குச் சாதகமாக வந்தது. மூலக்கூறுகள் இந்த அளவுக்கு மாற்றப்பட்டிருந்தால் ‘சிந்தெடிக்’ என்று சொல்வதற்கு ஆதாரம் உண்டு என்பதே அதன் சாரம். அது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. தொழில்துறை தானே வைத்துக்கொண்ட கண்காணிப்பு அமைப்பின் முடிவு. ஆனாலும் அதன் பிறகு மூன்றாம் பிரிவு எண்ணெய் அந்தப் பெயரோடு கடைகளை நிரப்பியது. ஜெர்மனியில் மட்டும் இவ்வகை எண்ணெயை ‘எச்சி சிந்தசே’ என்று தனியாகக் குறிப்பிடும் வழக்கம் இருந்தது.

அப்படியானால் மூன்றாம் பிரிவு எல்லாமே ‘போலிச் செயற்கை’யா? அதுவும் சரியில்லை. சரவாக்கின் பிந்துலுவில் 1993இல் ஷெல் தொடங்கிய ஆலை, இயற்கை எரிவாயுவைப் பிரித்து, அதிலிருந்து நீண்ட மெழுகுச் சங்கிலிகளைக் கட்டுகிறது. அதே வழியில் கட்டார் நாட்டின் பேர்ல் ஆலை 2011இல் உற்பத்தியைத் தொடங்கி, அடிப்படை எண்ணெயும் தயாரிக்கிறது. வாயுவிலிருந்து கட்டிய அந்த எண்ணெயும் மூன்றாம் பிரிவில்தான் அடங்கும். காரணம், அந்தப் பிரிவு செய்முறையைப் பார்ப்பதில்லை. கந்தகம் 0.03 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பூரித ஹைட்ரோகார்பன் 90 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. பிசுக்குமைக் குறியீடு 120 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

தரத்தில் வேறுபாடு உண்டா? கடுங்குளிரில் உண்டு. மெல்லிய பிஏஓ வகை சுழியத்துக்குக் கீழே 60 பாகையிலும் உறையாமல் ஓடும். ஆனால் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் எந்த விடியற்காலையிலும் அந்தக் குளிர் வருவதில்லை. இங்கே தேவை, நெரிசலில் ஊர்ந்து போகும்போது வெப்பத்தைத் தாங்குவதும் எளிதில் ஆவியாகாமல் இருப்பதும். இவற்றில் நல்ல மூன்றாம் பிரிவு எண்ணெய் பிஏஓவை நெருங்கி நிற்கிறது.

ஆகவே பயனீட்டாளர் ஏமாறுவது எண்ணெயில் என்பதைவிடச் சொல்லில்தான். முன்பக்கத்தில் உள்ள ‘ஃபுல்லி சிந்தெடிக்’, உள்ளே இருப்பது எந்தப் பிரிவு என்று சொல்வதில்லை. ‘செமி சிந்தெடிக்’ என்பதற்கு இத்தனை விழுக்காடு என்ற பொதுவான வரையறையும் கிடையாது. போத்தலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 5டபிள்யூ-30 போன்ற பிசுக்குமை எண், 2020இல் வந்த எஸ்பி அல்லது 2025இல் வந்த எஸ்கியூ என்ற ஏபிஐ தரம், கார் தயாரிப்பாளரின் ஒப்புதல் எண் ஆகியவை அங்கே இருக்கும். இவற்றுக்குப் பின்னால் இஞ்சினில் ஓட்டிப் பார்த்த சோதனைகள் உண்டு. காரோடு வந்த கையேட்டில் உள்ளவற்றோடு அவை பொருந்தினால் போதும்.

பொருந்தாத எண்ணெய்க்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது வீண். பொருந்துகிற எண்ணெயையும் உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பயனில்லை. விலையைக் கொடுக்கும் முன் கையேட்டை ஒரு முறை புரட்டுங்கள்.