நம் பிள்ளைகளும் உலக மேடை ஏறட்டும்!

(திருவொற்றியூரில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



சர்வதேச விஞ்ஞானப் போட்டி என்றால், வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறிப் போய்ப் பரிசு வாங்கும் காரியம் என்று நாம் ஒதுங்கிக் கொள்கிறோம். இது சரியா?

1950ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பள்ளி மாணவர்களுக்கான விஞ்ஞானப் போட்டி தொடங்கிற்று. 1958ல் ஜப்பான், கனடா, ஜெர்மனி மாணவர்களும் அதில் சேர்ந்தனர். இன்று நம் நாட்டு மாணவர்களும் போகிறார்கள். அங்கே நடுவர்கள் கேட்பது என்ன? எதை ஆராய்ந்தாய், எப்படிச் சோதித்தாய், என்ன கண்டாய்? இவைதான் முக்கியக் கேள்விகள்.

ஆராய வேண்டிய பிரச்சினைக்கு நம்மிடம் பஞ்சமா?

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், துணி தேய்க்கும் தொழிலாளி எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்தார். கரிப்புகை அவர் நெஞ்சுக்குக் கேடு. கரிக்காக மரமும் அழிகிறது. சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை மாணவி வடிவமைத்தார். 2020ல் சுவீடனில் வழங்கப்படும் குழந்தைகள் பருவநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021ல் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். இத்தனைக்கும் தொடக்கம் எது? தெருவோரத்து உழைப்பாளியின் கஷ்டம்!

நமது கரைக்கு வருவோம். 2017 ஜனவரி 28ல் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் எர்ணாவூர் கரையில் ஒதுங்கிற்று. அதை எப்படி அகற்றினார்கள்? ஆட்கள் இறங்கி வாளியால் அள்ளினார்கள்! 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய் பரவிற்று. படகும் வலையும் பாழாயின. இவ்வளவு பெரிய தொழில் வட்டாரத்தில் வாளிதானா கருவி? இந்தக் கேள்வி கரையில் நின்று பார்த்த பிள்ளைக்கு எழாமலா இருக்கும்?

கேள்வி இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்கப் பள்ளியில் ஆய்வுக்கூடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும். போட்டிக்குத் தேர்வானால் பயணச் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். இவை சலுகை அல்ல, உரிமை.

ஆகவே தோழர்களே, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடமுண்டு. அங்கே போவோம். ஆய்வுக்கூடம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று கேட்போம். ஷிப்டு முடிந்து களைத்து வந்தாலும், பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் வாயை அடைக்காதிருப்போம்!