நினைவு இருக்கிறதா?



நோயுற்றவரின் படுக்கையருகே நம்மவர் முதலில் கேட்கும் கேள்வி, "நினைவு இருக்கிறதா?" என்பதே. பழைய முகங்களையும் நிகழ்ச்சிகளையும் மனத்தில் வைத்திருப்பது நினைவு. கண்விழித்து இவ்வுலகை உணர்ந்திருப்பதும் நினைவு. இரண்டிற்கும் ஒரே சொல்லை வழங்கி வருகிறோம். உணர்வு என்பது யாது என்று ஆன்மிகமும் விஞ்ஞானமும் நடத்திவரும் நெடிய வழக்கில் பாதிக் குழப்பம் இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது என்பது நம் எண்ணம்.

வழக்கு நமக்குப் புதியதன்று. வஞ்சி நகரிலே பல சமயத்தார் கூறுவனவற்றையும் கேட்டு வருகின்ற மணிமேகலை, இறுதியில் பூதவாதியிடம் வருகிறாள். தாதகிப் பூவும் வெல்லமும் பிறவும் கூடியபோது, அவற்றில் தனித்தனியே இல்லாத மயக்கும் தன்மை கள்ளில் பிறப்பது போல, பூதங்கள் கூடியவிடத்து உணர்வு பிறக்கும். பிரிந்தவிடத்து மறையும் என்கிறான் அவன். கண்ணால் கண்டதே மெய் என்பதும் அவன் கொள்கை. அவளோ நகைத்து, உன்னைப் பெற்றவர் இன்னார் என்பதை நீ எவ்விதம் கண்டறிந்தாய் என்று வினவுகிறாள். இன்றைய ஆராய்ச்சிக்கூடங்களில் பேசப்படும் கொள்கையின் சாயல் அந்தக் கள்ளுவமையில் இருப்பதைக் காண நமக்கு வியப்பே உண்டாகிறது.

மறுபக்கத்தில் மெய்கண்டார் நிற்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரம், உடலுக்கு வேறாக உயிர் உண்டு என்பதற்குக் காட்டும் காரணங்களுள் உறக்கமும் ஒன்று. உறங்குகையில் உடலும் இருக்கிறது, மூச்சும் ஓடுகிறது. ஆயினும் உண்ணுதலும் இல்லை, வினையும் இல்லை. எனவே அறிவது உடலன்று, மூச்சுமன்று என்பது வாதம். நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று ஐந்து நிலைகளையும் சைவர் வகுத்தனர். வேதாந்திகளும் உறக்கத்தையே சாட்சிக்கு அழைத்தனர். "சுகமாக உறங்கினேன், ஒன்றும் அறியேன்" என்று விழித்தவன் சொல்கிறானே, அதைச் சொல்வதற்கு உள்ளே ஒருவன் விழித்திருந்தான் அல்லவா என்பது அவர்கள் கேள்வி.

நாம் வாழும் வைட்ஃபீல்டில் ஆன்மிகமும் விஞ்ஞானமும் ஒருமுறை நேருக்கு நேர் நின்றன. பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா, இயற்பியல் அறிஞர், காந்தியவாதி. அற்புதங்களை ஆராய்வதற்கென 1976-இல் ஒரு குழு அமைத்து, இங்குள்ள பிருந்தாவன ஆசிரமத்தில் தங்குவதை வழக்கமாகக் கொண்டிருந்த சத்திய சாயி பாபாவுக்குக் கடிதங்கள் எழுதினார். இசைவு கிட்டவில்லை. இரு தரப்பாரும் அதைப் பற்றி நிரம்பப் பேசினர். வெறுங்கையில் பொருள் தோன்றியதா என்பது சோதித்துப் பார்க்கத்தக்க கேள்விதான். ஆனால் உணர்வின் இயல்பை அது தொடவே இல்லை. பின்னர் 2001 சனவரியில், அதே பாபாவின் அறக்கட்டளை வைட்ஃபீல்டில் பெரிய மருத்துவமனை ஒன்றைத் திறந்தது. அங்கே கட்டணமின்றி இதயத்துக்கும் மூளைக்கும் அறுவை மருத்துவம் நடக்கிறது. வாயிலில் கைகூப்பியவர் உள்ளே சென்று மயக்க மருந்துக்குத் தம்மை ஒப்படைக்கிறார். நம் வழக்கு விசாரிக்கப்பட வேண்டிய இடம் அந்த மேசைதான்.

மயக்க மருந்தைப் பழையோர் அறியார். 1846-இல் பாஸ்டனில் ஈதரைக் கொண்டு அறுவை செய்து காட்டிய பின்னரே அது உலகில் பரவிற்று. அதிலிருந்து எழுந்தவர் "சுகமாக உறங்கினேன்" என்பதில்லை, "இன்னும் தொடங்கவில்லையா?" என்றே பலர் கேட்கிறார்கள். பூதவாதி வென்றான் எனத் தோன்றும். சற்றுப் பொறுக்க வேண்டும். தசைகளைத் தளர்த்தும் மருந்து செலுத்துமுன், அது ஒரு கைக்கு மட்டும் செல்லாதபடி முன்கையில் பட்டை கட்டிவிட்டு, "கையை அழுத்துங்கள்" என்று கேட்கும் முறை ஒன்று 1977-இல் வெளியாயிற்று. பல நாடுகளில் இம்முறையைப் பின்பற்றி நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிவு 2017-இல் வந்தது. மயக்கத்தில் இருந்த 260 பேருள் 12 பேர் அழுத்தினர். விழித்தபின் வினவப்பட்டவர்களுள் எவருக்கும் அது நினைவில் இல்லை!

சொல் இங்கே இரண்டாகப் பிளக்கிறது. உணர்வாகிய நினைவு இருந்தது. பதிவாகிய நினைவு இல்லை. எனவே விழித்தவன் "ஒன்றும் அறியேன்" என்பதைக் கொண்டு உள்ளே ஒருவரும் இல்லை என்று சாதிப்பதும் தகாது; அவன் வாக்கைக் கொண்டு உள்ளே சாட்சி இருந்தது என்று நிறுவுவதும் எளிதன்று. இரு கட்சியாரும் தத்தம் முதல் சாட்சியை இழந்து நிற்கிறார்கள்.

மூளை ஆராய்ச்சியாளர் கிறிஸ்டாஃப் காக்கும் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸும் 1998-இல் ஒரு பந்தயம் கட்டினர். உணர்வுக்குரிய நரம்புச் செயல் 25 ஆண்டுகளில் தெளிவாகக் கண்டறியப்படும் என்றார் காக். 2023-இல் தோல்வியை ஒப்பி மதுப்புட்டிகளைப் பரிசளித்தார். (பந்தயப் பொருள் மதுவாக அமைந்ததைக் கேட்டால் பூதவாதி மகிழ்ந்திருப்பான்.) அதனால் ஆன்மா நிறுவப்பட்டுவிட்டது என்று முரசறைவாரும் உளர். விஞ்ஞானி தாம் தோற்றதைச் சபையறியச் சொன்னார், அவ்வளவுதான் நடந்தது.

உணர்வு யாது என்பது முடியாத வழக்காக நிற்கட்டும். உணர்வு இருக்கிறதா என்பது இன்றிரவே ஒரு குடும்பத்துக்கு வேண்டியிருக்கும் விடை. விபத்தில் மூளை அடிபட்டு, அசைவற்றுக் கிடந்த இளம்பெண் ஒருத்தியிடம், டென்னிஸ் ஆடுவதாக எண்ணிக்கொள்ளும்படி ஏட்ரியன் ஓவன் குழுவினர் சொன்னார்கள். நலமுள்ளோர் மூளையில் எழும் செயலே அவள் மூளையிலும் எழுந்ததைப் படக்கருவி காட்டிற்று. அது 2006-இல் வெளிவந்த செய்தி. 2024-இல் வந்த பெரிய ஆய்வில், படுக்கையருகே சொன்னதற்கு வெளிப்படையாக இணங்காத 241 பேருள் 60 பேர் உள்ளத்தால் இணங்கினர், நால்வரில் ஒருவர்.

மூளைத்தண்டு மரணம் இதனின்றும் வேறு என்பதை மறத்தலாகாது. உறுப்புக் கொடையின் பொருட்டு 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தே அதை உறுதி செய்கிறது. அவ்விதம் உறுதியானபின், 'நால்வரில் ஒருவர்' என்ற கணக்கைப் பற்றிக்கொண்டு வீண் நம்பிக்கை வளர்ப்பது கொடுமை.

ஆனால் மற்ற நிலையில், ஊரை விட்டு வந்த நமக்கெனத் தனியே ஒரு கடமை இருக்கிறது. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து, ஒரு மாதத்தில் மூளையில் குருதி கசிந்து விழுந்துவிட்ட தகப்பனாரை எண்ணிப் பாருங்கள். உணர்வை அளக்கும் மருத்துவர், சொன்னதைச் செய்கிறாரா என்று பார்ப்பார். அதற்கு உயர்ந்த மதிப்பெண் உண்டு. "கையை அழுத்துங்கள்" என்பதை அவர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொல்லக்கூடும். பெரியவர் அறிந்ததோ தமிழ் ஒன்றே. கை அசையாவிட்டால் அது உணர்வின்மையா, மொழியறியாமையா? ஆகவே மகனோ மருமகளோ மருத்துவரிடம் மொழி நிலையை முன்னரே தெரிவித்து, அவர் பார்த்திருக்கையில், வீட்டில் அழைக்கும் முறையிலேயே காதருகே சொல்லலாம்: "அப்பா, என் கையைக் கொஞ்சம் அழுத்துங்கள்." சொல்லிவிட்டுச் சிறிது நேரம் காத்திருக்கவும் வேண்டும்.